கொதித்த காரும் என் மச்சானின் கையும்

வெள்ளவத்தையில், காலி வீதியில், பட்டப்பகலில் என் கார் மூன்றாம் தடவையாகக் கொதித்தது. பொனெற்றின் இரண்டு பக்கத்தாலும் நீராவி சீறிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் இறங்கி, கதவை அடித்துச் சாத்தி, டயருக்கு ஓர் உதை விட்டேன். உதைத்த கால்தான் நொந்தது.

கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழி. என் நெற்றியில் விபூதி இருந்தது, காரின் முன்பக்கத்தில் ஐயர் தந்த மாலை இருந்தது. பின் சீற்றில் எங்கள் மூன்று வயதுப் பிள்ளை வெக்கையில் அழுதுகொண்டிருந்தாள்.

மனைவி தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மூடியைத் திறக்க வேண்டாம். கொஞ்சம் ஆறட்டும்."

"நீ பேசாம நில்."

துவாயை நாலாக மடித்து றேடியேட்டர் மூடியின் மேல் போட்டு ஒரே திருப்பாகத் திருப்பினேன். அரைத் திருப்பிலேயே நிறுத்தி நீராவியை வெளியே விடவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கோபம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. மூடி துவாயோடு பறந்தது. கொதிதண்ணீர் ஓராள் உயரத்துக்கு எழும்பி, போத்தலை நீட்டியபடி நின்ற அவளுடைய கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், விழுந்தது.

அவள் கத்தவில்லை. "முருகா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் குந்தினாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே தோல் வெளுத்து மேலெழும்பியது.

அவளையும் பிள்ளையையும் ஒரு திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நான் கூடப் போகவில்லை. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பெண்சாதியின் கை வெந்து கிடக்க, நான் நினைத்தது ஒரே ஒரு ஆளைத்தான்: இந்தக் காரைச் செய்து தந்தவனை.

செய்து தந்தவன் அவளுடைய ஒரே தம்பி. என் மச்சான். தெமட்டகொடையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு கராஜ் வைத்திருந்தான். புதுக் கார் நாட்டுக்குள் வராமல் கிடந்த காலம். இருந்த பழசின் விலையும் எங்களைப் போன்ற ஆட்களுக்கு எட்டாத விலை. என்னிடம் இருந்தது இருமி இருமி ஓடுகிற ஒரு பழைய ஜப்பான் கார். பாதியாக வெட்டி இறக்குமதியான இன்னொரு காரின் டேர்போ என்ஜினை வாங்கி, என் காரின் மூக்கை வெட்டி, அதற்குள் இறக்கினான் மச்சான். அந்த என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் என்று ஒரு தட்டு வேண்டும். அதை றேடியேட்டருக்கு முன்னால் வைத்தான். காற்றுத் தாராளமாகப் போகட்டும் என்று பம்பரில் தவளை வாய் மாதிரி ஒரு பெரிய ஓட்டை வெட்டினான். அக்காவுக்காகச் செய்தது. எனக்காக அல்ல. என்னை அவனுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. கலியாணம் முடித்த முதல் வருடத்தில், கறியில் உப்புக் கூடியதற்கு நான் சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தபோது, அவன் வாசலில் நின்று கண்டவன்.

நான் பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக்கடையில் ஸ்டோர் பார்க்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மச்சம் மாமிசம் இல்லை, குடி இல்லை, வெள்ளி தவறாமல் கோயில். ஆட்கள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கைநீட்டுகிற குணம் விபூதியால் போகவில்லை. கடையில் ஒருவனை இரும்புக் குழாயால் அடிக்க ஓங்கியிருக்கிறேன். வீட்டில் அடித்து அடித்துச் சாத்திய ஒரு கதவுக்கு இரண்டு தரம் பிணைச்சல் மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு என்ஜின் ஆறும்வரை நின்று, தண்ணீர் ஊற்றி, வழியில் இரண்டு இடத்தில் நிற்பாட்டி, காரைத் தெமட்டகொடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மச்சானும் அவனோடு வேலை செய்கிற சிங்கள பாஸும் நின்றார்கள். பாஸ் என்றால் முதலாளி அல்ல, கைத்தொழில்காரர்; ஐம்பது வயதிருக்கும். வெல்டிங் வேலை எல்லாம் அவர்தான்.

"என்ன அத்தான், திரும்பவும் கொதிச்சுதோ?" என்றான் மச்சான். சிரித்துக்கொண்டே பொனெற்றைத் திறந்து கம்பியால் முட்டுக்கொடுத்தான். "உங்கட காலில என்ன, இரும்பு கட்டியிருக்கோ? இது டேர்போ. பூப்போல மிதிக்கோணும்."

"உன்ர என்ஜின் சரியில்லை."

"என்ர என்ஜினுக்கு ஒண்டுமில்லை. மூடி மாத்தித் தந்தனான், தண்ணி வால்வைக் கழட்டித் தந்தனான், ஃபேன் எப்பவும் சுத்த டிரெக்டா குடுத்துத் தந்தனான். இனி என்ஜினுக்குள்ள ஹெட் கஸ்கெட்தான் மிச்சம். அல்லது," என்று பாஸின் பக்கம் திரும்பிச் சிரித்தான், "ஓடுற ஆளை மாத்தோணும். ஆள் பழைய மொடல்."

பாஸுக்குத் தமிழ் விளங்கும். அவரும் சிரித்தார்.

அக்காவின் கை வெந்தது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். அவன் நிமிர்ந்து, பாஸைப் பார்த்தபடி, வலது கையைக் காரின் முன்விளிம்பில் ஊன்றி நின்றான். நான் முட்டுக்கம்பியைத் தட்டிவிட்டு, பொனெற்றை இரண்டு கையாலும் அடித்து மூடினேன்.

தகரம் தகரத்தில் அடிபடும் சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. மச்சான் வாயைத் திறந்தான், முதலில் குரலே வெளியில் வரவில்லை. பிறகு வந்த குரலுக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். கொக்கி விழுந்துவிட்டது, விரல்கள் உள்ளே. பொனெற் திறக்கவில்லை. நான் அப்படியே நின்றேன். பாஸ்தான் ஓடிப்போய்க் காருக்குள் கையை விட்டு லீவரை இழுத்தார். மச்சான் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எண்ணெய்த் தரையில் முழங்காலில் விழுந்தான். பாஸ் திரும்பி வந்து, உனக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் கத்தி, என் தாடையில் குத்தினார். நானும் விழுந்தேன். இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியபோது, கீழே கிடந்த மச்சான்தான், "எபா, பாஸ், எபா" என்று தடுத்தான். வேண்டாம் என்றான். எனக்காக அல்ல, அதுவும் அக்காவுக்காக.

மனைவியை அனுப்பிய அதே ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்றே எடுத்தார்கள். நடுவிரலும் மோதிரவிரலும் உடைந்திருந்தன. யாராவது அடித்ததா என்று டொக்டர் கேட்டார். அடித்தது என்றால் பொலிஸுக்குப் போகும். நான் பக்கத்தில் நின்றேன், வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

"இல்லை டொக்டர். பொனெற் விழுந்திட்டுது. கம்பி வழுக்கினது," என்றான் மச்சான்.

மருந்து கட்டி முடிந்து வெளியே வரும்போது, தாழ்வாரத்தில் என் மனைவி நின்றாள். இவள் கையில் வெள்ளைத் துணி, அவன் கையில் வெள்ளைத் துணி. தம்பியிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். டொக்டருக்குச் சொன்னதையே சொன்னான். அவள் தலையைத் திருப்பி, வீங்கின என் தாடையைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

அவள் அப்போதே, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குச் சொன்னாள்: "இன்னும் பன்னிரண்டு நாளில பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வைச்சுத்தான் குத்துறது. என்ர தம்பி வராட்டி குத்திறேல்லை. நேர்த்திக்கடன் நிண்டு போனா அந்தப் பழி உங்களுக்கு."

இந்தப் பிள்ளை ஏழு வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். முருகன் சந்நிதியில் காது குத்துவதாக நேர்ந்துதான் பெற்றோம். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்துகிற பழக்கம் எங்கள் சனத்தில் இல்லை. இவளுக்கு இருப்பது ஒரே ஒரு மாமன். அந்த மாமனின் கையைத்தான் நான் உடைத்தேன்.

அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சு இல்லை. சோறு வரும், தண்ணீர் வரும், சொல் வராது. நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன், விரதம் இருந்தேன், சாஷ்டாங்கமாக விழுந்தேன். எழும்பும்போதெல்லாம் ஒரே யோசனை: இங்கே விழுவது சுகம், விழவேண்டிய இடம் வேறு.

ஐந்தாம் நாள் பஸ் ஏறித் தெமட்டகொடைக்குப் போனேன். மச்சான் ஒரு பழைய டயரின் மேல் இருந்தான். பாஸ் என்னைக் கண்டதும் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார்.

"காரைக் கொண்டுபோக வந்தனீங்களோ?"

"உன்னைப் பார்க்க வந்தனான், மச்சான்."

"பார்த்து என்ன செய்யப் போறீங்கள்? மற்றக் கையும் இருக்கு," என்று இடது கையை நீட்டினான்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் நீட்டின கையை எடுத்துக்கொண்டு சொன்னான்: "அது ஏன் கொதிக்குது எண்டு தெரியாம எனக்கு நித்திரை இல்லை. அக்காவின்ர கை வெந்தது என்ர வேலையாலயோ எண்டு தெரியோணும். பாஸ் இந்தக் காரைத் தொடமாட்டாராம். நீங்கள்தான் செய்யோணும். சேர்ட்டைக் கழட்டுங்கோ."

அவன் டயரில் இருந்தபடியே ஏவினான். நான் செய்தேன்.

முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னான். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அப்படி இல்லை. ஆறின றேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து தண்ணீரைப் பார்க்கச் சொன்னான். குமிழி வந்தால் ஹெட் கஸ்கெட் போய்விட்டது. நான் குனிந்து கண்ணை எடுக்காமல் பார்த்தேன். குமிழி வரவில்லை. தண்ணீர் நன்றாகச் சுற்றியது, ஆகவே பம்பும் பிழையில்லை.

"ஸ்பெனரை அப்பிடிப் பிடிக்கிறதே? தேங்காய்த் திருவலை பிடிச்ச கை மாதிரி," என்று இடையில் பேச்சு விழும். "அடிக்க மட்டும் வடிவாத் தெரியுது." ஒரு போல்ட்டில் ஸ்பெனர் வழுக்கி என் முட்டித் தோல் உரிந்தது. "நல்லது," என்றான்.

பிறகு ஒரு பழைய பேப்பர்த் தாளைத் தந்தான்.

"ஃபேன் சுத்தேக்க இதைக் காரின்ர வாயில வையுங்கோ. ஃபேன் காத்தை உள்ளுக்கு இழுத்தா தாள் ஒட்டிக்கொண்டு நிக்கும்."

வைத்தேன். கையை எடுத்ததும் தாள் நிலத்தில் விழுந்தது. திரும்ப வைத்தேன். திரும்பவும் விழுந்தது.

மச்சான் எழும்பி வந்துவிட்டான். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறதோ என்று இடது கையைப் பின்னால் பிடித்துப் பார்த்தான். சரியாகத்தான் சுற்றியது. "அப்ப காத்துக்குப் பாதை இல்லை," என்றான். "பம்பரைக் கழட்டுங்கோ."

இவ்வளவு நாளும் அவன் அதைக் கழற்றிப் பார்க்காததற்கும் காரணம் இருந்தது. மூக்கை வெட்டி நெருக்கிச் செய்த கார். பம்பரையும் இன்டர்கூலரையும் கழற்றாமல் றேடியேட்டரின் முகத்தைக் காணமுடியாது. அது ஒரு முழுநாள் வேலை. முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் பளிச்சென்று இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் ஃபேன் மறைக்கும். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

பின்னேரம் மூன்று மணி போல இன்டர்கூலரை இழுத்து வெளியே எடுத்தேன். றேடியேட்டரைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பும் மஞ்சளுமாக, மெத்தை போல ஒன்று தடிப்பாக ஒட்டியிருந்தது. மச்சான் விரலால் கிண்டினான். செவ்வந்தி. மல்லிகைக் காம்பு. வாழைநார். சந்தனமும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களி பிடித்து, சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போன பூ.

அவன் என்னைப் பார்த்தான்.

"மாலை வெளியில எல்லோ கட்டுறனீங்கள்? உள்ளுக்கு எப்பிடி வந்தது?"

சொன்னேன். சுவாமிக்குச் சாத்தின பூ றோட்டில் விழுந்து கால்பட்டு மிதிபடக்கூடாது. குப்பையில் போட மனம் வராது, கடலில் கொண்டுபோய்ப் போட நேரம் வராது. ஒவ்வொரு வெள்ளியும் புது மாலை கட்டும்போது, வாடின மாலையை அந்தத் தவளை வாய்க்குள், மேற்பக்கத்தால், நானே செருகிவிடுவேன். உள்ளே போனால் போனதுதான், மிதிபடாது என்று நினைத்தேன். எட்டு ஒன்பது மாதத்து வெள்ளிக்கிழமைகள் அங்கே இருந்தன.

மச்சான் முதலில் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாஸை வெளியே கூப்பிட்டுக் காட்டினான். "என்ர வேலையில பிழை இல்லை, பாஸ், பாருங்கோ! பிழை இல்லை!" பாஸ் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அவர் திரும்பி உள்ளே போன பிறகு மச்சானின் சிரிப்பு நின்றது. கிட்ட வந்தான்.

"அத்தான், ஒண்டு கேக்கிறன். அக்காவுக்கும் டொக்டருக்கும் பொனெற் விழுந்தது எண்டு சொன்னனான். எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ர கை அங்க இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. கோபத்தில் கவனிக்கவில்லை, தெரியாமல் நடந்தது என்று ஐந்து நாளாக நான் முருகனுக்கே சொல்லிக்கொண்டிருந்த பொய் அது. இல்லை என்றால் அவன் நம்பியிருப்பான். மடியும் கிடைத்திருக்கும், நேர்த்தியும் நிறைவேறியிருக்கும். ஓம் என்றால் எல்லாம் போகும். ஆனால் கருகின அந்தப் பூவுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு அது வரவில்லை.

"கண்டனான்," என்றேன். "கையைக் கண்டுகொண்டுதான் அடிச்சனான்."

அவன் இடது கையால் அந்தப் பூ மெத்தையில் ஒரு பிடி பிய்த்து, தோளால் என்னைச் சுவரோடு நெருக்கி, வாயிலும் மூக்கிலும் வைத்துத் தேய்த்தான். "தின்னுங்கோ அத்தான். பிரசாதம். தின்னுங்கோ." எண்ணெயும் அழுகலும் தொண்டைக்குள் போனது. மூச்சு முட்டியது. என் இரண்டு கையும் சும்மா இருந்தன, உடையாத பத்து விரலோடும். அவனுக்குக் களைக்கும்வரை தேய்த்தான். பிறகு விட்டான். நான் ஒரு மூலையில் போய்ச் சத்தி எடுத்தேன்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வந்து வேலையை முடியுங்கோ," என்றான்.

முடித்தேன். பூவை ஒரு சீமெந்துப் பையில் சேர்த்தேன். தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து மெல்லமாக அடித்து, பழைய பல் பிரஷால் உரசி, றேடியேட்டரின் தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். முன்பு கழற்றி எறிந்திருந்த தண்ணீர் வால்வுக்குப் பதிலாகப் புதியது போடச் சொன்னான். "அதைக் கழட்டினது என்ர பிழை," என்று அவனாகவே ஒத்துக்கொண்டான். வாய்க்கு ஒரு கம்பிவலை வெட்டிப் பூட்டினோம். இரண்டாம் நாளும் போய்த்தான் வேலை முடிந்தது. பேப்பர்த் தாளை வைத்தபோது, அறைந்தது போல ஒட்டிக்கொண்டு நின்றது. உச்சி வெயிலில், ஏசியையும் போட்டு, மட்டக்குளி வரைக்கும் நெரிசலுக்குள் ஓடிவிட்டு வந்தோம். சூடு காட்டும் ஊசி பாதிக்கு மேல் ஏறவில்லை. அவ்வளவு தூரமும் அவன் ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கும்போது கேட்டேன்: "காது குத்துக்கு வருவியோ, மச்சான்?"

"கார் இனிக் கொதிக்காது," என்றான். "போங்கோ."

வீட்டுக்குப் போய் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பூவையும் சொன்னேன், கையைக் கண்டதையும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

காது குத்தும் நாள் வந்தது. கோயிலில் ஐயர் இரண்டு தரம் நேரத்தைச் சொல்லிவிட்டார். காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு இருந்தார். மனைவி பிள்ளையைத் தூக்கியபடி வாசலையே பார்த்து நின்றாள், நான் வாசலைப் பார்க்கப் பயந்து மூலஸ்தானத்தைப் பார்த்து நின்றேன். மூன்றாம் தரம் ஐயர் வாய் திறக்கும்போது, மச்சான் வேட்டியோடு வந்தான். என்னைத் தாண்டிப் போய்ச் சம்மணம் போட்டு இருந்து, அக்காவிடம் பிள்ளையைக் கேட்டு வாங்கினான்.

ஊசி இறங்கியதும் பிள்ளை துடித்தாள். இரத்தம் ஒரு சொட்டு அவன் வேட்டியில் விழுந்தது. அவள் காலால் உதைத்த உதை, கட்டுப் போட்ட விரல்களில் பட்டது. அவனுடைய முகம் சாம்பலாகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அழாத குஞ்சு, மாமா இருக்கிறன், மாமா பிடிச்சுக்கொண்டிருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். மற்றக் காதுக்கும் அப்படியே. பிடி தளரவில்லை. மற்றக் காதுக்குப் போகமுன் தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று பத்தர் என்னைப் பார்த்தார். மச்சான், "வேண்டாம், நானே பிடிப்பன்," என்றான்.

வீட்டில் சாப்பாடு. தாய்மாமனுக்கு முதல் இலை போட்டு, மனைவி தன் கையாலேயே பரிமாறி வைத்திருந்தாள். அவன் வீட்டு வாசல்வரை வந்தான். பிள்ளையின் கையில் ஒரு சோடித் தோட்டைக் கொடுத்தான். "அக்கா, நான் வாறன்," என்றான். படியைத் தாண்டவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. பாஸின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை. அக்காதான் மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெமட்டகொடைக்குப் போய் வருகிறாள்.

அன்றைக்கு நான் அந்த இலையை மடிக்கக் குனிந்தேன்.

"தொடாதேங்கோ," என்றாள் மனைவி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் சொல். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் இலைக்கு முன்னால் தானே இருந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து, பிள்ளைக்கு ஒரு வாய் தனக்கு ஒரு வாயாக, கறிவேப்பிலை மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டாள். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை.